பால்கனி அறை கிடைத்த கதை

லிஃப்ட்காரருக்குப் பொய் சொல்ல வராது என்று கப்பலில் எல்லோரும் நம்பினார்கள். முகவாகு அப்படி. அகலமான நெற்றி, எதையோ காது கொடுத்துக் கேட்பது போலச் சாய்ந்த தலை, கேட்டால் மட்டும் திறக்கும் வாய். உண்மையில் அந்தக் கப்பலில் அவரளவுக்குப் பொய் சொன்னவர் வேறு யாரும் இல்லை. "அவளுக்கு லேசா தலைவலி." "அவளுக்குக் கூட்டம்னா ஆகாது." "காது கொஞ்சம் மந்தம், அதான் பதில் சொல்லல." இத்தனை பொய்யும் ஒரே ஒரு உண்மையை மறைக்கத்தான். அவர் மனைவிக்கு நினைவு தப்பிக்கொண்டிருந்தது.

தெரிந்தால் இறக்கிவிடுவார்கள். இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை, ஏறும் முன்பே சொல்லிவிடுகிறார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்கென்றே ஓடுகிற கப்பல் அது. ஊர் ஊராகத் தொட்டுக்கொண்டு உலகத்தைச் சுற்றி வர ஏறக்குறைய ஒரு வருடம் பிடிக்கும். மூட்டுவலிக்கு இடம் உண்டு, சர்க்கரைக்கு இடம் உண்டு, நெஞ்சைப் பிளந்து தைத்தவர்களுக்கும் இடம் உண்டு. தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாதவர்களுக்கு மட்டும் கிடையாது. அப்படி ஒருவர் இருப்பது தெரிந்தால், சொந்தக்காரர்களை ஏதாவது ஒரு துறைமுகத்துக்கு வரச்சொல்லி ஒப்படைத்துவிடுவார்கள்.

ஒப்படைத்தால் போவதற்கு அவர்களுக்கு வீடு இல்லை. வீட்டை விற்றுத்தான் டிக்கெட் எடுத்திருந்தார். மகன் தாம்தூம் என்று குதித்தான். "புத்தி கெட்டுப் போச்சாப்பா உங்களுக்கு? இந்த வயசுல ஊர் சுத்தணுமா?" என்று கேட்டான். ஊர் சுற்றவா போனார் மனிதர்? அவர் கணக்கே வேறு. வீட்டில் அவள் அடுப்பை அணைக்க மறந்தாள். கப்பலில் அடுப்பு கிடையாது. வீட்டில் அவள் கதவைத் திறந்து தெருவில் இறங்கி, பேருந்து ஏறி, எங்கோ ஒரு ஊரின் கடைசி நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தாள். கப்பலில் தொலைந்தாலும் கப்பலுக்குள்தானே தொலைய வேண்டும்? சமைக்க ஆள், துவைக்க இயந்திரம், கூட்ட ஆள், பக்கத்திலேயே டாக்டர். அவர் செய்ய வேண்டியது ஒன்றுதான், அவள் கூடவே இருக்க வேண்டும். டாக்டர்கள் ஏற்கெனவே அவளை ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கச் சொல்லியிருந்தார்கள். அங்கே அவளுக்குக் கட்டில் உண்டு, அவருக்குக் கிடையாது. இரண்டு பேரும் ஒரே அறையில் தூங்கி எழுந்திருக்க இந்த உலகத்தில் மிச்சமிருந்த ஒரே இடம் கப்பல்தான் என்று அவர் கண்டுபிடித்தார். கிறுக்குத்தனமான யோசனைதான். ஆனால் அதைவிட நல்ல யோசனை சொன்னவர்கள் யாரும் இல்லை.

அவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர், கப்பலில் அந்தப் பெயர் வந்தது அதனால்தான். பெரிய பெரிய கட்டடங்களில், லிஃப்ட் ஏறி இறங்குகிற அந்த இருட்டுக் கிணற்றுக்குள் தலைக்கு விளக்கைக் கட்டிக்கொண்டு ஆயுளைக் கழித்தவர். மேலே இருப்பவர்கள் ஜன்னல் வழியாக நகரத்தைப் பார்த்து ஆகா என்பார்கள். இவர் அதே உயரத்தில் சுவரையும் கிரீஸ் பூசிய கம்பியையும் பார்த்துக்கொண்டிருப்பார். அவள் ஆயத்த ஆடை ஆலையில் சட்டை மடிக்கும் பிரிவில் இருந்தாள். காலர் கசங்காமல், கை வெளியே தெரியாமல், ஒரு சட்டையைக் கண்ணை மூடித் திறப்பதற்குள் மடித்துப் போடுவாள். பெயர், ஊர், பேரப்பிள்ளைகள் எல்லாம் தலையை விட்டுப் போய்க்கொண்டிருந்தாலும் கைக்கு மட்டும் எதுவும் மறக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தால் எல்லோருடைய கைத்துணியையும் வாங்கி மடித்துவிடுவாள். அறையைச் சுத்தம் செய்யும் பெண் வந்து பார்த்தால் போர்வை, துண்டு எல்லாம் கடையில் வைத்தது போல அடுக்கியிருக்கும். "எனக்கு வேலையே வைக்க மாட்டேங்கிறாங்கம்மா இவங்க" என்று அந்தப் பெண் எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டாள். நோயைக் கூட நற்குணமாக எடுத்துக்கொள்கிற நல்ல உலகம் அது.

அவர்கள் அறை கீழ்த்தளத்தில், நடைவழியின் கடைசியில் இருந்தது. இருப்பதிலேயே மலிவான அறை. ஜன்னல் கிடையாது. விளக்கை அணைத்தால் பகலும் ராத்திரியும் ஒன்றுதான். அவர் வாழ்நாள் முழுக்க வேலை பார்த்த இருட்டே கட்டிலோடு சேர்த்துக் கிடைத்தது போல இருந்தது. "எங்க போனாலும் என்னைக் குழிக்குள்ளதான் போடுறாங்க" என்று முதல் நாளே சொல்லிச் சிரித்தார். சிரித்தாரே தவிர, மனத்துக்குள் உறுத்தியது. கடலில் மிதந்துகொண்டு கடலைப் பார்க்க முடியாமல் படுத்திருப்பது என்ன பிழைப்பு?

அந்த அறைக்குத் திரும்பி வரும் வழியை அவளுக்குப் பழக்கியதுதான் கப்பலில் அவர் செய்த பெரிய வேலை. கதவு எண்ணைப் படிக்கச் சொல்லிப் பயனில்லை. எண் அவளுக்குக் கோடாகத்தான் தெரிந்தது. எனவே உடம்புக்குச் சொல்லிக்கொடுத்தார். லிஃப்டை விட்டு வெளியே வா. இடது கையைச் சுவரில் ஓடும் கைப்பிடியில் வை. கையை எடுக்காமல் நட. நடைவழி முடியும் இடத்தில் சுவருக்குள் சிவப்புப் பெட்டி இருக்கும், தீயணைக்கும் குழாய்ப் பெட்டி. அதற்குப் பக்கத்துக் கதவுதான் நம்முடையது. காலைப் பலகாரம் ஆனதும் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை அவளை முன்னே விட்டு இவர் பின்னே போவார். ஆரம்பத்தில் நடுவழியில் நின்று அழுதாள். பிறகு திரும்பித் திரும்பிப் பார்த்தாள். மாதங்கள் போன பிறகு ஒரு நாள், திரும்பிப் பார்க்காமல் நேராகப் போய்ச் சிவப்புப் பெட்டியைத் தட்டிவிட்டு, "வந்துட்டோம்" என்றாள். லிஃப்ட்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு அவருக்கு இருந்த சந்தோஷம் மகன் பிறந்தபோது கூட இருந்ததில்லை.

மற்றபடி நாட்கள் ஒன்றைப் போல ஒன்று போயின. லிஃப்டுக்குள் தரைவிரிப்பில் கிழமையின் பெயர் எழுதியிருக்கும். விடியற்காலையில் ஒருவன் வந்து திங்களைச் சுருட்டி எடுத்துவிட்டுச் செவ்வாயை விரித்துவிட்டுப் போவான். அதைப் பார்க்காவிட்டால் அந்தக் கப்பலில் யாருக்குமே கிழமை தெரியாது. இதுவும் லிஃப்ட்காரருக்குச் சாதகம். அவள் "இன்னிக்கு என்ன கிழமை?" என்று பத்து தரம் கேட்டாலும் பக்கத்தில் நிற்பவர்களும் அதையே கேட்டுக்கொண்டிருப்பார்கள். மேல்தளத்தில் கைவீசி நடப்பவர்கள், நீச்சல்குளத்தில் நெஞ்சளவு தண்ணீரில் நின்று அரட்டை அடிப்பவர்கள், சீட்டாட்டத்தில் கள்ளத்தனம் செய்து மாட்டிக்கொண்டு ஒரு வாரம் பேசாமல் இருப்பவர்கள், துணி துவைக்கும் அறையில் இயந்திரத்துக்காகக் குடுமிப்பிடிச் சண்டை போடுபவர்கள் என்று பல ரகம். ஒரு காலத்தில் அலுவலகங்களை ஆட்டிப் படைத்த ஆட்கள் எல்லாம் ஈரத் துணி வாளியோடு வரிசையில் நின்றார்கள். மருந்துப் பெட்டி இல்லாமல் சாப்பாட்டு மேசைக்கு வந்தவர் ஒருவரும் கிடையாது.

அவர்கள் மேசையில் இன்னும் இரண்டு பேர். ஒருவர் கர்னல். பட்டாளத்தையே பார்க்காதவர், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். முதுகு வளைய மறுத்ததால் அந்தப் பெயர். இன்னொருவர் வங்கியம்மா. ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி, கணவர் இல்லை. யாருக்கு எங்கே என்ன நடந்தாலும் முதலில் மூக்கு வியர்ப்பது இந்தம்மாவுக்குத்தான்.

"உங்க வீட்டுக்காரம்மா ஏன் எங்கிட்ட தினமும் எத்தனை பிள்ளைங்கன்னு கேக்குறாங்க?" என்று ஒரு நாள் வங்கியம்மா கேட்டார்.

"அது அவ விளையாட்டு" என்றார் லிஃப்ட்காரர். "நீங்க ஒரு நாளாவது மாத்திச் சொல்றீங்களான்னு பாக்குறா."

கர்னல் விழுந்து விழுந்து சிரித்தார். அதற்குப் பிறகு அவர் தினமும் தனக்கு ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டே போனார். அவள் ஒவ்வொரு முறையும் "ஐயோ பாவம்" என்றாள். மேசையே சிரித்தது. லிஃப்ட்காரரும் சிரித்தார். சிரிப்பு முடிவதற்குள் அவளை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்.

தூக்கம்தான் அவரைத் தின்றது. அவள் எப்போது எழுந்து கதவைத் திறப்பாள் என்று தெரியாது. தன் மணிக்கட்டுக்கும் அவள் மணிக்கட்டுக்கும் நடுவே ஒரு துணிப்பட்டையைக் கட்டிக்கொண்டு படுப்பார். அவள் புரண்டால் இவர் விழிப்பார். பகலில் கண் சொக்கினால் நாக்கைக் கடித்துக்கொள்வார். கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காப்பது என்று சும்மா சொல்கிறோமே, அதை மாதக்கணக்கில் செய்தவர் இவர்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அந்த நல்ல காரியம் நடந்தது. கப்பல் மேலாளரான பெண் ஒருத்தி, வாய் நிறையச் சிரிப்போடு, சாப்பாட்டு மேசைக்கே வந்தாள். மேல்தளத்தில் பால்கனி வைத்த அறை ஒன்று காலியாகியிருக்கிறது. அதில் இருந்தவர் நெஞ்சுவலியோடு சென்ற துறைமுகத்தில் இறங்கிவிட்டார். "இவ்வளவு நாள்ல ஒரு புகார் கூட சொல்லாத ஜோடி நீங்கதான். அறை சுத்தம் பண்ற பொண்ணு உங்களப் பத்திச் சொல்லாத நாள் இல்ல. அதனால அந்த அறைய உங்களுக்குத் தரோம். கூடுதலா ஒரு காசு வேண்டாம்" என்றாள்.

மேசைக்கு மேசை கைதட்டினார்கள். கர்னல் எழுந்து நின்று சல்யூட் அடித்தார். வங்கியம்மாவின் முகம் மட்டும் கொஞ்சம் சுண்டியது. அவர் இருந்ததும் ஜன்னல் இல்லாத அறைதான்.

லிஃப்ட்காரருக்கு முதலில் கீழ்த்தளத்து நடைவழிதான் நினைவுக்கு வந்தது. கைப்பிடி, சிவப்புப் பெட்டி, "வந்துட்டோம்" எல்லாம் கண்முன் வந்தன. வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தார். ஏன் வேண்டாம் என்று கேட்பார்களே? கேட்டால் ஒரு பொய் போதுமே. வேளைக்கு ஒரு பொய் சொல்கிற மனிதருக்கு இந்த ஒரு பொய் வராமலா போகும்? உயரமான இடம் அவளுக்குத் தலை சுற்றும் என்று சொல்லியிருந்தால் விஷயம் முடிந்தது. அந்தப் பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவர் அதை விழுங்கிவிட்டார். ஆசைதான் காரணம், வேறொன்றும் இல்லை. ஒரே ஒரு தடவை, படுத்த இடத்திலிருந்து வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது அவருக்கு. காற்று பட்டால் அவளுக்கும் நல்லதுதானே என்று பக்கத்தில் ஒரு சாக்கையும் வைத்துக்கொண்டார்.

"ரொம்ப நன்றிம்மா" என்றார்.

மேலே போனார்கள். அறைக்கு நல்ல அகலம். கண்ணாடிக் கதவை இழுத்தால் பால்கனி, இரண்டு சாய்வு நாற்காலி, அதற்கப்புறம் கடல். அவள் பால்கனியில் நின்று, "இது யார் வீடு?" என்று கேட்டாள். "நம்ம வீடுதான்" என்றார். "அப்ப நம்ம வீட்டுல யாரு இருக்கா?" என்றாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரவைத்தார்.

புதிய வழியைப் பழக்க ஆரம்பித்தார். இந்த அறை நடைவழியின் நடுவில். பக்கத்தில் அடையாளம் எதுவும் இல்லை. முன்னாலும் பின்னாலும் ஒரே மாதிரிக் கதவுகள். ஒரு நாடாவைக் கைப்பிடியில் கட்டிப் பார்த்தார், அவள் அதை அவிழ்த்து அழகாக மடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். விட்டுவிட்டால் நேராக நடைவழியின் கோடிக்கு நடந்தாள். அங்கேயும் ஒரு சிவப்புப் பெட்டி. கப்பலில் எல்லாத் தளத்திலும் அதே இடத்தில் அதே பெட்டிதானே வைப்பார்கள்? கற்றுக்கொடுத்ததை அவள் கொஞ்சமும் மறக்கவில்லை, அதுதான் கொடுமை. உலகத்தில் அத்தனையையும் மறந்தவள் அவர் பாடத்தை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மத்தியானம், சாப்பிட்டு வந்ததும், அவளைக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு அவர் பால்கனி நாற்காலியில் சாய்ந்தார். கண்ணாடிக் கதவைத் திறந்தே வைத்திருந்தார், சத்தம் கேட்கட்டும் என்று. வெயில் இதமாக இருந்தது. கீழே தண்ணீர் கப்பலோடு உரசிக்கொண்டு போகும் ஓசை. துணிப்பட்டையைக் கட்ட மறந்துவிட்டார். பகல்தானே என்ற நினைப்பு. ஐந்து நிமிடம் கண்ணை மூடலாம் என்றுதான் மூடினார். மாதக்கணக்கில் தூங்காத உடம்பு அது. அடித்துப் போட்டது போலத் தூங்கிவிட்டது.

அவள் எழுந்தாள். வெளியே வந்தாள். லிஃப்டில் யாரோ கீழ்த்தளம் போகிறவர்களோடு நின்றாள். அவர்கள் இறங்கியதும் இவளும் இறங்கினாள். இடது கையைக் கைப்பிடியில் வைத்தாள், கையை எடுக்காமல் நடந்தாள், சிவப்புப் பெட்டியைத் தட்டினாள். பக்கத்துக் கதவு திறந்திருந்தது. சுத்தம் செய்யும் பெண் துண்டு எடுக்கப் போயிருந்தாள். இவள் உள்ளே போய், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, நாற்காலியில் கிடந்த ஆண்பிள்ளைச் சட்டைகளை மடிக்கத் தொடங்கினாள்.

அந்த அறைக்குப் புதிதாக வந்தவர் ஒரு ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். குளித்துவிட்டுத் துண்டோடு வெளியே வந்தார். பாவம், அவர் செய்த குற்றம் குளித்தது ஒன்றுதான். அவள் போட்ட கூச்சலில் அந்தத் தளமே திரண்டது. அவரைத் துண்டோடு வெளியே தள்ளி, உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

மேலாளர் வந்தாள், காவலாள் வந்தான், வங்கியம்மா எப்படியோ வந்து சேர்ந்தார், பின்னாலேயே கர்னலும். கதவைத் தட்டத் தட்ட உள்ளே கூச்சல்தான் கூடியது. லிஃப்ட்காரரைத் தேடிக்கொண்டு மேலே ஓடினார்கள். எவ்வளவு உலுக்கியும் அவர் எழவில்லை. போய்விட்டாரோ என்று காவலாள் பயந்தேவிட்டான். கடைசியில் விழித்து, வெறும் காலோடு, கலைந்த தலையோடு கீழே வந்தார்.

"இந்தாம்மா, நான்தான். கதவைத் திற" என்றார்.

"யாரு?"

"நான்தாம்மா. உன் வீட்டுக்காரர்."

உள்ளே கூச்சல் நின்றது. பிறகு அவள் நிதானமாக, மரியாதையாகச் சொன்னாள்: "எங்க வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருக்கார். அவர் இல்லாதப்ப நான் கதவைத் திறக்கிறதில்ல. அவர் வந்ததும் வாங்க."

இத்தனை மாதமாகக் கட்டிக் காத்த குட்டு அந்த ஒரு வாக்கியத்தில் உடைந்தது. கர்னல் தலையைக் குனிந்துகொண்டார். தினமும் பிள்ளையைக் கூட்டிச் சொன்னது அவருக்கு அப்போதுதான் சுட்டிருக்க வேண்டும். லிஃப்ட்காரர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நெற்றியைக் கதவில் வைத்து யோசித்தார். பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "சட்டை நிறைய வந்திருக்கும்மா. மடிக்க ஆளில்ல" என்றார்.

தாழ்ப்பாள் விலகியது. "முதல்லயே சொல்றதுக்கு என்ன?" என்று கேட்டுக்கொண்டே கதவைத் திறந்தாள்.

கப்பல் டாக்டர் சின்னப் பெண். நல்லவள். மனைவியைச் சோதித்துவிட்டு, அவரை மட்டும் தனியே உட்காரவைத்துப் பேசினாள்.

"எவ்வளவு நாளா ஐயா இப்படி?"

"கொஞ்ச நாளாத்தான்" என்றார். டாக்டர் அவரையே பார்த்தாள். "ஏறுறதுக்கு முன்னாடியே" என்றார்.

"அம்மாவை இதுக்கு மேல கப்பல்ல வச்சுக்க முடியாது. கடல்ல ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா?"

"நான் பாத்துக்கிறேம்மா. இனிமே கண்ண மூட மாட்டேன். அந்தப் பழைய அறையே போதும் எங்களுக்கு. அதக் குடுத்தா அவளுக்கு எல்லாம் சரியா வரும்."

"நீங்க தூங்கிட்டீங்களே ஐயா" என்றாள் டாக்டர். திட்டவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். "தூங்காம எந்த மனுஷனால இருக்க முடியும்?"

திட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பார். எழுந்து வந்துவிட்டார்.

மகனோடு தொலைபேசியில் பேசவைத்தார்கள். அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது. கப்பலின் பாதையில் மூன்றாவதாக வரும் துறைமுகம் அவன் ஊரிலிருந்து காரில் வந்துவிடும் தூரம். அங்கே வந்து அம்மாவை அழைத்துக்கொள்வதாகச் சொன்னான். ஒரு இல்லத்தில் அதிர்ஷ்டவசமாக இடம் கிடைத்திருக்கிறதாம்.

"அம்மாவுக்கு மட்டும்தாம்பா. அங்க கூட யாரையும் தங்க விடமாட்டாங்க. ஞாயித்துக்கிழமை போய்ப் பாக்கலாம்."

"நான்?"

அந்தப் பக்கம் அவன் தொண்டையைச் செருமினான். "நம்ம வீட்ல ஏற்கெனவே மாமியார் ஹால்லதான் படுக்குறாங்க, உங்களுக்கே தெரியும். உங்க பென்ஷன் அப்படியே அம்மா இல்லத்துக்குப் போயிடும். கப்பல்ல பாதியில இறங்கினா ஒரு பைசா திருப்பித் தரமாட்டாங்களாம், கேட்டுட்டேன். நீங்க இந்தச் சுத்தை முடிச்சுட்டு வாங்கப்பா. அதுக்குள்ள உங்களுக்கு ஏதாவது பாக்கலாம்."

ஏதாவது என்றால் என்ன, பார்க்கலாம் என்றால் எப்போது என்று அவர் கேட்டிருக்கலாம். நடைபாதையில் படுத்தாலும் அவள் இருக்கும் ஊரில்தான் படுப்பேன் என்று அடம்பிடித்திருக்கலாம். கேட்கவும் இல்லை, பிடிக்கவும் இல்லை. "சரிப்பா" என்றார். அந்தச் சரியில் பாதி வழியில்லாத சரி. மீதிப் பாதியை அவர் யாரிடமும் சொல்லமாட்டார், நாம்தான் சொல்ல வேண்டும். அவர் களைத்துப்போயிருந்தார். டாக்டர் அனுப்பிய தாதிப் பெண் அன்று முதல் அறையிலேயே தங்கினாள். அவர் விடிய விடியத் தூங்கினார். எழுந்ததும் உடம்பு இறகு போல இருந்தது. பக்கத்துக் கட்டிலைப் பார்த்ததும் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. மறுநாளும் அப்படியேதான் தூங்கினார்.

கப்பலே அவர்களிடம் அன்பாக நடந்துகொண்டது. வங்கியம்மா தினமும் வந்து அவளுக்குத் தலைசீவிவிட்டார். தலைமையாசிரியர் தன் சட்டைகளைக் கசக்கி எடுத்துவந்து, "மடிக்கத் தெரியலம்மா எனக்கு" என்று கொடுத்துவிட்டுப் போனார். அத்தனை அன்பும் ஒருவர் போகப்போகிறார் என்று தெரிந்த பிறகு வருகிற அன்பு. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று லிஃப்ட்காரருக்குத் தெரியவில்லை.

துறைமுகத்தில் கப்பல் நின்ற காலையில், லேசான தூறல். அவள் பெட்டியை மட்டும் கட்டினார். ஒரே பெட்டியில் கலந்து கிடந்த துணிகளைப் பிரித்து, அவளுடையதை எடுத்து, தன்னுடையதை வைத்துவிட்டு வரும்போதுதான் இது நடப்பதாகவே அவருக்கு உறைத்தது. கட்டிலில் உட்கார்ந்து அழுதார். அவள் அருகில் வந்து, அவர் மடியில் கிடந்த புடவையை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

கீழே பயணிகள் கூடத்தில் மகனும் மருமகளும் நின்றிருந்தார்கள். அவளுக்கு இரண்டு பேரையும் அடையாளம் தெரியவில்லை. ஆனால் யாரோ அழைத்துப்போக வந்திருக்கிறார்கள் என்பது மட்டும் தெரிந்து முகம் மலர்ந்தது. வெகு நாளைக்குப் பிறகு அவ்வளவு உற்சாகமாக இருந்தாள்.

"கார்லயா போறோம்?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா, கார்லதான்" என்றான் மகன். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டான். கெட்ட பிள்ளை இல்லை அவன். வீடு சின்னது, அவ்வளவுதான்.

வாசல்வரை போனவள் திரும்பிப் பார்த்தாள். "நீங்க வரலையா?"

தாதிப் பெண் தலையைத் திருப்பிக்கொண்டாள். லிஃப்ட்காரர் அவ்வளவு நாளில் சொன்ன பொய்களில் இதுதான் எளிதாக வந்தது.

"நீ முன்னாடி போம்மா. பெட்டி இன்னொண்ணு இருக்கு. எடுத்துட்டு வந்துடுறேன்."

அவள் நம்பினாள். பெட்டி தூக்குவது எப்போதும் அவர் வேலைதானே? "சீக்கிரம் வாங்க. நான் இடம் போட்டு வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, தூறலில் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வேகமாக நடந்தாள்.

கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அவர் பார்த்தார். அவளைக் காரின் பின்சீட்டில் ஏற்றினார்கள். மருமகள் சுற்றி வந்து மறுபக்கக் கதவைத் திறந்து உட்காரப் போனாள். உள்ளே உட்கார்ந்திருந்தவள் சட்டென்று கைப்பையை அந்த இடத்தில் வைத்து, அதன் மேல் உள்ளங்கையை அழுத்திக்கொண்டு, ஆள் வருகிறது என்று தலையை ஆட்டினாள். மருமகள் ஏதோ சொல்லிப் பார்த்தாள். மகன் குனிந்து பேசிப் பார்த்தான். அவள் கையை எடுக்கவில்லை. கடைசியில் மருமகள் முன்சீட்டில் போய் உட்கார்ந்தாள், கார் கிளம்பியது.